செகண்ட்ஸ் கூடை

என் பெரியப்பாவுக்கு எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். தைத்து வரும் ஒவ்வொரு பனியனுக்குள்ளும் இரண்டு கைகளையும் விட்டு விரித்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்குவார். ஓட்டையோ கறையோ இல்லையென்றால் வலது பக்கக் கூடை. இருந்தால் "செகண்ட்ஸ்" என்று சொல்லி இடது பக்கக் கூடையில் வீசுவார். வலது கூடைச் சரக்கு பெட்டியில் அடுக்கப்பட்டு வெளியூருக்குப் போகும். இடது கூடைச் சரக்கைச் சந்தையில் குவித்துப் போட்டுக் கூவி விற்பார்கள்.

அறுபதுகளில் நான் பள்ளியிறுதி முடித்து, ரிசல்ட் வந்த அன்று, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் அப்படித்தான் பிடித்தார். மார்க் இருந்த பக்கத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "செகண்ட்ஸ்" என்றார். இடது பக்கக் கூடையில் போட்டார். தையல்காரர்கள் சிரித்தார்கள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் மகன், எனக்குச் சில மாதங்களே மூத்த அண்ணன், அவனும் சிரித்தான். அவன் புத்தகம் ஏற்கெனவே வலது கூடையில் இருந்தது.

அப்பாவும் சிரித்தார். அந்தக் கம்பெனியில் நிட்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. மெஷின் ஓடிக்கொண்டிருந்த அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். பெரியப்பாவின் சொல்லைக்கூட விட்டுத் தொலைத்திருப்பேன். அப்பாவின் சிரிப்பை எப்படி விடுவது? கூடைக்குள் கைவிட்டு என் புத்தகத்தை எடுத்தேன். இருங்கள், உங்களுக்கு வைக்கிறேன் வேட்டு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அண்ணனை டாக்டராக்கப் போவதாகப் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் மெடிக்கலுக்குத்தான் போடப் போகிறேன் என்று அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சரி, ஒரு வருசம் பி.யூ.சி. படிக்கட்டும். சீட்டுக் கெடைக்கலீன்னா தாராபுரத்து மண்டிக்காரருக்குக் கட்டிக் குடுத்தரலாம். அவிய கேட்டுக்கிட்டேதான் இருக்கறாங்க. செகண்ட்ஸை ஸ்டாக் வெச்சா மக்கிப் போயிருமப்பா, சட்டுனு தள்ளி உட்ரோணும்."

"சரீங்கண்ணா" என்றார் அப்பா.

அந்த மண்டிக்காரருக்கு மனைவி செத்துப்போயிருந்தாள். என்னைவிட இரண்டு வகுப்புக் குறைவாகப் படிக்கும் மகள் இருந்தாள். சீட் கிடைக்காவிட்டால் நான் அவளுக்குச் சித்தி. இதுதான் என் நிலைமை.

கணியூர் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, செலவை ஏற்றுக்கொள்ள, கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்தேன். முதல் வேலையாக என் லட்சணத்தை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரியப்பா சொன்னது பொய் என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொள்ள நேரமில்லை. கணக்கும் உயிரியலும் தேறும். கெமிஸ்ட்ரி படு ஓட்டை. உடம்பு ஒட்டடைக்குச்சி. நாலு பேர் முன்னால் பேசினால் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அந்தக் காலத்தில் மெடிக்கல் சீட்டுக்குப் பரீட்சை மார்க்கோடு இண்டர்வியூ மார்க்கையும் சேர்ப்பார்கள். அதில் விளையாட்டுக்கு உண்டு, உடல் தெம்புக்கு உண்டு, பேச்சுக்கு உண்டு. எனக்கு எதுவுமே இல்லை.

சீட் கிடைத்தவர்களிடம் போய் வழி கேட்பதுதான் எல்லாரும் செய்வது. நானும் ஒருத்தியிடம் கேட்டேன். "எல்லாம் முருகன் புண்ணியம்" என்றாள். முருகனை நானும்தான் கும்பிடுகிறேன், அதை வைத்து என்ன செய்வது? அதற்குப் பிறகு, கிடைக்காதவர்களைத் தேடினேன். சீட் தவறிப்போய் பி.எஸ்ஸி. சேர்ந்திருந்த அக்காமார் எங்கள் ஹாஸ்டலிலேயே இருந்தார்கள். எங்கே சறுக்கியது என்று புட்டுப் புட்டு வைத்தார்கள். ஒருத்தி, விளையாட்டு என்ன என்று கேட்டதற்குத் தாயம் என்று சொல்லியிருக்கிறாள். இன்னொருத்திக்கு எடை போதவில்லை. மூன்றாமவள், பாவம், சரியான பதிலையெல்லாம் சொன்னாளாம், ஒன்றும் அவர்கள் காதில் விழவில்லையாம். "எதுக்கு டாக்டராகணும்னு கேப்பாங்க. ஏழைகளுக்குச் சேவைன்னு மட்டும் சொல்லிடாதே, கொட்டாவி விடுவாங்க" என்று எச்சரித்தாள்.

கெமிஸ்ட்ரி புத்தகத்தை நெட்டுருப் போட்டேன். விளங்கவில்லையென்றால் லெக்சரர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பிடுங்கி எடுத்தேன். விடுதிச் சாப்பாட்டில் முட்டை கொடுக்கும் நாளில், முட்டை தின்னாத பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். விளையாட்டுக்கு, பூப்பந்து மைதானத்தில் போய் நின்றேன். மட்டையையே பிடிக்கத் தெரியாது. மஞ்சள் கம்பளிப் பந்து என்னை நோக்கி வரும்போதெல்லாம் பெரியப்பாவின் வழுக்கை மண்டைதான் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். என்ன அடி அடித்தேன் என்கிறீர்கள்! வருடம் முடிவதற்குள் கல்லூரி அணியில் எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது குரல். பரீட்சை முடிந்து ஊருக்கு வந்ததும் கம்பெனியின் மெஷின் அறையில் போய் நின்றேன். அங்கே ஓடும் மெஷின்களின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது. இங்கே கேட்கும்படி பேசிவிட்டால் எங்கேயும் பேசிவிடலாம் என்பது என் கணக்கு. இங்கிலீஷில் கேள்வியும் நானே, பதிலும் நானே. அறையின் அந்தக் கோடியிலிருந்து அப்பா பார்ப்பார். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டுவார். அவர் இடது காது எப்போதோ போய்விட்டிருந்தது. நான் அவர் பக்கம் திரும்பாமலே கத்துவேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"என்ன, செகண்ட்ஸ் சந்தையில கூவிப் பழகுதாட்ட இருக்குது?" என்பார் வாசலில் நின்று பெரியப்பா. அண்ணனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. மெட்ராஸில் ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக்குச் சொல்லியாகிவிட்டது, சீட் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று பெரியப்பா நிம்மதியாக இருந்தார்.

பி.யூ.சி. மார்க் வந்தது. மோசமில்லை. ஆனால் விளிம்பில்தான் நின்றேன். இண்டர்வியூ இழுத்துவிட்டால் உள்ளே, தள்ளிவிட்டால் தாராபுரம்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார் ஒருவர். நான் மெஷின் அறைக் குரலில் பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நாங்க யாரும் செவிடில்லையே" என்றார் தமிழில்.

செத்தேன் என்று நினைத்தேன். தாராபுரத்து மண்டி கண்ணுக்குத் தெரிந்தது. பழகி வைத்திருந்த இங்கிலீஷ் மொத்தமும் ஓடிப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்க சார். எங்க ஊட்டுல மெல்லப் பேசினா யாருக்கும் கேக்காதுங்க. எங்கப்பா மெஷினுக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிருச்சுங்க. அங்க வேலை செய்யறவங்க பாதிப் பேருக்கு அப்படித்தானுங்க. வயசானா இப்படித்தான்னு சொல்லிட்டு உட்டர்றாங்க. யாருமே போய்க் காட்டறதில்லீங்க."

ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காது டாக்டராக இருக்க வேண்டும். எந்தக் காது, எவ்வளவு நாளாக, கூட்டத்தில் பேசினால் புரிகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்.

"கூட்டத்துல ஒண்ணும் புரியாதுங்க. ஆனா காட்டிக்க மாட்டாங்க. எல்லாரும் சிரிச்சா, என்ன ஏதுன்னு தெரியாமயே அவங்களும் சிரிச்சு வெச்சிருவாங்க."

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததே! அந்தச் சொல் அப்பாவின் காதில் விழுந்திருக்கவே வழியில்லை. அவர் சொன்ன "சரீங்கண்ணா"வும் அதே கணக்குத்தான். ஒரு வருடமாக இரண்டு பேர்மேல் பங்குபோட்டு வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த நாற்காலியில் வைத்தே பெரியப்பா தலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பூப்பந்தைப் பற்றிக் கேட்டார்கள். உள்ளங்கையில் காய்த்திருந்ததைக் காட்டினேன். எடை பார்த்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

எனக்குச் சீட் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் ஊரில் கேட்ட எல்லாருக்குமே சரி என்று தலையாட்டியிருந்தார் போலிருக்கிறது.

பெரியப்பாவின் முகம் தொங்கும், அதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவரா தொங்குவார்? கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டார். பந்தி நடுவில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் செகண்ட்ஸ்னு ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, அதுலதான் புள்ளைக்கு ரோசம் வந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன். நான் சொல்லலீன்னா இன்னிக்கு டாக்டர் சீட்டு ஏதுங்க?"

"ஆமாமுங்க, ஆமாமுங்க" என்றது பந்தி.

என்ன அநியாயம் இது! என் கெமிஸ்ட்ரி, என் பூப்பந்து, நான் தின்ற முட்டை, கத்திக் கிழித்த தொண்டை, எல்லாவற்றையும் என் கண்முன்னே வாரி எடுத்துத் தன்னுடைய வலது கூடையில் போட்டுக்கொண்டார் மனிதர். போதாதென்று என் பக்கம் திரும்பினார்.

"என்ன அம்மிணி, நான் சொல்றது நெசந்தானே?"

இலைக்கு முன்னாலிருந்து எழுந்து நின்றேன். மெஷின் அறைக் குரலை எடுத்தேன். மரியாதை ஒரு பொட்டுக் குறையவில்லை.

"நெசந்தானுங்க பெரியப்பா. அண்ணனையும் ஒருக்கா செகண்ட்ஸ்னு சொல்லியிருந்தீங்கன்னா, அண்ணனுக்கும் சீட்டுக் கெடச்சிருக்குமுங்க."

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். பெரியப்பா பாயசத்தை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனாலும் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் எடுத்துக்கொள்வதாக இல்லை. அதற்குப் பிறகு பெரியப்பா என் காதுபட அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது.

வீட்டுக்கு நடந்தோம். அம்மா திட்டிக்கொண்டே முன்னால் போனாள். அப்பா என் பக்கத்தில் நடந்தார். நாளைக்கு அதே கம்பெனிக்குப் போய் தன் அண்ணனின் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர்தான். நொய்யல் பாலத்தின் பாதியில் நின்றார்.

"அம்மிணி, பந்தியில உங்க பெரியப்பாகிட்ட என்னமோ சொன்னியே, அதெ இன்னொருக்கா சொல்லு."

கூட்டத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து, அவருடைய வலது பக்கம் போய், ஒரு வார்த்தை விடாமல் கத்திச் சொன்னேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அப்பவே கேட்டுச்சு கண்ணு" என்றார் அப்பா.

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றிலும் யாரும் சிரிக்காதபோது அப்பா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.