கிளாரிடா செய்த படகு மேசை

சான் விசென்டே துறைமுகத்தில் யாருக்காவது சவப்பெட்டி வேண்டுமென்றால் கிளாரிடா துமலாவின் பட்டறைக்குத்தான் வருவார்கள். அப்பன் விட்டுப்போன பட்டறை. அவளுக்குக் கை சுத்தம், வாய் கொஞ்சம் காரம். அவள் கணவன் ஹொனோரியோ, தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் படகில் என்ஜின் பார்த்தவன். ஆயுளில் பாதி அந்த என்ஜின் அறையில் கழிந்தது. காதும் அங்கேயே போயிற்று. தன் குரலே தனக்குக் கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்வான். அவர்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும்.

வேலையை விட்ட பிறகு அவன் கத்துவதும் குறைந்தது. சீட்டு விளையாடும் இடத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவன் மட்டும் சிரிப்பான். பிறகு சீட்டாட்டத்துக்கும் போவதை விட்டான். கிளாரிடா அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வருடப் புயல் ஒரு சின்னப் பாய்ப்படகைத் தூக்கிக் கொண்டுவந்து அலையாத்திக் காட்டுக்குள் செருகிவிட்டுப் போனது. அதன் சொந்தக்காரர் வயதான வெளிநாட்டுக்காரர். வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், "யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். ஹொனோரியோ எடுத்துக்கொண்டான். சேற்றைக் கழுவினான், ஓட்டையை அடைத்தான், பாயைத் தைத்தான், அதிலிருந்த சின்ன என்ஜினையும் ஓடவைத்தான். மாதக்கணக்கில் அதுவே கதி.

ஒருநாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படகின் உள்ளே இறக்கினான். கிளாரிடா முதல்முறையாக அதன் வயிற்றுக்குள் நின்றாள். வெளியே இருந்து பார்த்தால் பொம்மை மாதிரி இருந்த படகுக்குள் ஒரு வீடே இருந்தது. அடுப்பு, அலமாரி, எதிரெதிரே இரண்டு இருக்கைகள். நடுவில் மட்டும் வெறும் குழி.

"மேசை போச்சு!" என்று கத்தினான் ஹொனோரியோ. "தண்ணியில ஊறி அப்பளமா ஆயிடுச்சு. நீ ஒண்ணு பண்ணிக் குடு! பகல்ல சாப்பிடணும். ராத்திரி அதையே கீழ இறக்குனா படுக்கையாகணும்!"

"நான் செய்யறதுல படுத்தவன் எவனும் எழுந்ததில்லையே, பரவாயில்லையா?" என்று அவள் வாயசைத்துக் காட்டினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு சரியான நேரத்தில் சிரித்தான்.

வேலை எளிதென்றுதான் அவள் நினைத்தாள். ஒரு பலகை, ஒரு கால். மறுநாள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு படகில் இறங்கினாள். அதை இருக்கைமேல் வைத்ததும் குமிழி இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, நிற்கவே இல்லை. தரையில் வேலை செய்து பழகியவள். பூமி அசையாது என்பதை நம்பித்தான் அவள் தொழிலே நடந்தது. இங்கே மட்டம் என்று ஒன்றே கிடையாது. சுவர் வளைந்து வளைந்து முன்னால் போய்க் கூம்பியது. எங்கே தொட்டாலும் நேர்கோடு இல்லை. ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளங்கையால் அந்த வளைவைத் தடவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் எப்படி விலகுமோ அப்படியே ஒருவன் யோசித்து வளைத்திருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ!

நூடுல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சுவரோடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அளவெடுத்தாள். மேல்பலகைக்கு நாரா மரத்தில் ஒரே துண்டு. பெரிய வீட்டுச் சவப்பெட்டிக்கென்று வைத்திருந்தது. இழைக்க இழைக்கச் சிவப்பும் தேனும் கலந்த நிறம் எழுந்து வந்தது. தட்டு சரிந்து விழாமல் இருக்க ஓரம் முழுக்கச் சின்ன வரம்பு வைத்தாள். பக்கத்து மீனவன் பென்ஹமின் தினமும் எட்டிப் பார்ப்பான். அவளை அக்கா என்கிற மாதிரி "மனாங்" என்றுதான் கூப்பிடுவான்.

"மனாங், யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. இது மேசை."

"மேசையா? மூடி எங்கன்னு தேடிட்டிருந்தேன்!"

"இப்படியே பேசு, உனக்கு அளவெடுத்து வச்சுக்கறேன்."

மேசையைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. படகுக்குள் இறங்கும் வாசலில் அது நுழையவில்லை. நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள். எத்தனையோ குறுகலான மாடிப்படிகளில் சவப்பெட்டி இறக்கிக் கொடுத்தவள் அவள்! ஹொனோரியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"பென்ஹமின்! இவ அளவெடுத்த லட்சணத்தைப் பாரு! உள்ள போகாதாம்!"

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிளாரிடா பலகையைப் பட்டறைக்கே திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த ஒற்றை மரத்தை நடுவில் அறுக்கையில் அவளுக்கு நெஞ்சு கசங்கியது. இரண்டு பாதிகளையும் பித்தளைக் கீல் போட்டுச் சேர்த்தாள். மடித்தால் வாசலில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மேசைக்கால் விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய மேசைக்கால் படகின் உள்தரையோடு நின்றிருந்தது. அந்தத் தரை மெல்லியது. இரண்டு பேர் படுத்தால் தாங்குமா? தரையில் துளை போட்டு, பலகை ஏறி இறங்கத் தோதான தடித்த கட்டை ஒன்றைக் கீழே இறக்கி, படகின் முதுகெலும்பான அடிமரத்தின்மேலேயே நிறுத்தினாள். அதற்குக் கீழே கடல்தான்.

பிப்ரவரியில் ஒரு தெளிந்த நாளில் பலாவி தீவைத் தாண்டி, தீவுகளுக்கு நடுவே ஓடும் கடல் கால்வாய்க்குள் பாய் விரித்துப் போனார்கள். உச்சிவேளைக்குக் காற்று நின்றுவிட்டது. பாய் துவண்டது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. சரி, சாப்பிடலாம் என்று உள்ளே இறங்கினார்கள். சோறு, கத்திரிக்காயும் பாகலும் போட்ட பினாக்பெட், சுட்ட கருவாடு. புது மேசையில் முதல் சாப்பாடு. ஹொனோரியோ இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். திடீரென்று அவன் தாடை நின்றது.

"என்ஜினைப் போட்டுட்டியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஓடுது! கையில ஏறுது பாரு!"

கிளாரிடாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தாள். சன்னமாக ஒரு நடுக்கம். தட்டுகளை நகர்த்திவிட்டுக் காதை மேசையோடு ஒட்டினாள்.

அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நீளமான முனகல், மேலே ஏறி, கதவு கிரீச்சிடுவது போலாகி, சட்டென்று பாதாளத்துக்கு இறங்கியது. ஒரு இடைவெளி. மறுபடியும் தொடங்கியது. அந்தக் கால்வாய்க்கு வருடாவருடம் திமிங்கிலங்கள் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் பீச்சும் நீரை அவளும் பார்த்திருக்கிறாள். அவை பாடும் என்று யாரும் சொன்னதில்லை.

"திமிங்கிலம்" என்று வாயசைத்தாள். கையால் பெரிய உடம்பு ஒன்றை வரைந்து காட்டினாள். வாயைத் தொட்டுக் காட்டினாள். "பாடுது."

ஹொனோரியோ அவளையே பார்த்தான். பிறகு மெதுவாகக் குனிந்து நெற்றியை மேசைமேல் வைத்தான். கண் மூடியிருந்தது. அவன் முதுகு அசையவில்லை. கிளாரிடா எதிர்ப்பக்கம் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள். நடுவில் கருவாடு ஆறிக்கிடந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. அவன் விரல் பலகையில் தட்டத் தொடங்கியது. நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று, பிறகு ஒரு உருட்டல். அவள் காதைத் தீட்டினாள். அவன் தட்டிய அதே வரிசைதான் அடுத்து அடியிலிருந்து வந்தது. மறுபடி தட்டினான், மறுபடி அதேதான் வந்தது.

"முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதே" என்றான் அவன். அவன் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல். "இப்ப திரும்ப முதல்லேருந்து வரும். அது சும்மா கத்தல, கிளாரி. மனப்பாடமா பாடுது."

திரும்ப முதலிலிருந்து வந்தது. வாழ்நாள் முழுக்க என்ஜினின் துடிப்பை உடம்பால் படித்தவன், கடலுக்கடியில் ஒரு ஜீவன் வரிசை தப்பாமல் பாடுவதைக் கையாலேயே கண்டுகொண்டான். கிளாரிடா மேசைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். தான் செய்த கட்டை வழியாகவா இது ஏறி வந்தது? அதை நினைக்கையில் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. கோயிலில் மண்டியிடும்போது வருகிற மாதிரி ஒரு பயம்.

பாட்டு நின்ற பிறகு மேலே ஏறிப் பார்த்தார்கள். வெகுதூரத்தில் ஒரு கருத்த முதுகு சூரியனில் மின்னி, வளைந்து, உள்ளே போயிற்று. தண்ணீர் தன்னை மூடிக்கொண்டது.

ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பென்ஹமின் வழக்கம்போல ஆரம்பித்தான். "மனாங், பெட்டி செஞ்சு செஞ்சு உங்களுக்குப் பலகையெல்லாம் பேச ஆரம்பிச்சிடுச்சு."

"நாளைக்கு வா. வந்து உன் மண்டையை வச்சுப் பாரு."

வந்தான். கால்வாயின் நடுவே மேசைமேல் காதை வைத்தவன், வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணியில வலை போடறேன்" என்றான். "இவ்வளவு நாளா இது பாடிட்டா இருந்துச்சு? நான் என்ஜினைப் போட்டுட்டு மேலயே போயிட்டிருந்தேனே!"

ஹொனோரியோவுக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. ஆனாலும் அவன் தோளைத் தட்டி, சோற்றுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சீட்டாடுகிறவர்கள் வந்தார்கள், பாதிரியார் வந்தார். ஹொனோரியோ அடுத்த வரி எதுவென்று விரலால் முன்கூட்டியே தட்டிக் காட்டுவான். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். இப்போதெல்லாம் பிப்ரவரி, மார்ச்சில் சான் விசென்டே மீனவர்கள் கால்வாயின் நடுவே என்ஜினை அணைத்துவிட்டு, படகின் அடிப்பலகையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் படகுகளில் ஆளே இல்லாத மாதிரி தெரியும்.