கீலுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

புதுச்சேரியிலிருந்து கொச்சிக்கு வீடு மாற்றியபோது பீரோவும் கட்டிலும் ஒரு லாரியில் போயின. என் பாய்மரப் படகு தனியாக ஒரு டிரெய்லரில் ஏறியது. "அதை வித்துத் தொலையேன். வழியில ஓட்டை விழுந்தா மாட்டுக்குத் தண்ணித் தொட்டிதான்" என்றார் கணவர். அந்தக் கோபத்தில் நானே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால், படகைத் தாங்கிய மரக்கால் ஒன்று விரிசல் விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரைவருக்கோ சொந்த ஊர் வந்த சந்தோஷம். "நம்மூர்ல லாரிக்கே பாடி கட்றாங்க, இதுக்கென்னங்க!" என்று ஒரு பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினார்.

மத்தியானத்துக்குள் இரும்பில் புதுத் தாங்கி தயார். கிரேன் படகைத் தூக்கியது. அடியில் செங்குத்தாக இறங்கும் கனத்த இரும்புப் பலகையை, அதாவது கீலை, மொத்தப் பட்டறையும் அண்ணாந்து பார்த்தது. எடை முழுக்க அந்தக் கீல்மேல்தான் உட்கார வேண்டும், தாங்கியின் பக்கத்துக் கைகள் சாயாமல் பிடித்தால் போதும், இல்லாவிட்டால் ஃபைபர் உடம்பு பொத்துக்கொள்ளும் என்று மேஸ்திரியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். "எத்தன டேங்கர் கட்டியிருக்கறோமுங்க அம்மிணி" என்று மூன்று தடவையும் அதே பதில்.

அந்தப் பட்டறையிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். டிரெய்லருக்கு வைத்தாயிற்று. படகுக்கு? சக்கரமே இல்லையே! வெல்டரும் டிரைவரும் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார்: "ஒத்தக் கால்ல நிக்கிற வண்டிங்க. அந்தக் காலுக்கு வெச்சுருங்க."

கீல் உட்கார வேண்டிய இடத்தில் பழத்தை வைத்தார்கள். கிரேன் இறக்கியது, எல்லோரும் கை தட்டினார்கள், ஒருவர் கற்பூரம்கூட ஏற்றிவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். பழம் நசுங்கவே இல்லை. ஜம்மென்று முழுசாக உட்கார்ந்திருந்தது!

"தூக்குங்க! தூக்குங்க!" நான் போட்ட கூச்சலில் கற்பூரத் தட்டு கீழே விழுந்தது. டேங்கரைப் பக்கவாட்டில் அணைத்து உட்காரவைத்தே பழகிய மேஸ்திரி, படகையும் அந்த நான்கு கைகளிலேயே ஏந்தவிட்டிருந்தார். கீல் நான்கு விரல் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. அப்படியே கிளம்பியிருந்தால் பாலக்காடு போவதற்குள் தொட்டிதான்.

மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு, தாங்கியின் கைகளை அறுத்துக் குட்டையாக்கினார். மறுபடி இறக்கியபோது பழம் பீச்சியடித்தது, சாறு நேராக அவர் கண்ணில்! அவர் குதித்த குதியை நினைத்து நினைத்து குமாரபாளையம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பாலத்தில் காவிரியைப் பார்த்ததும் டிரைவர் கேட்டார்: "இங்கியே எறக்கீரலாமுங்களா?"

கொச்சியில் படகைத் தண்ணீரில் விட்ட காலை, கணவர் உள்ளே இறங்கித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். நான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "மிதக்கிற வண்டிக்குப் பழத்தை எங்க வைக்கிறது?"

"உள்ள தண்ணி வருதுங்களா?"

"சொட்டுக்கூட இல்ல."

"அப்பறம் என்னங்க, புழிஞ்சு குடிங்க."

இரண்டு டம்ளர் பிழிந்தேன். தொட்டி என்று சொன்னவருக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை.