அண்ணனுக்குக் கிடைத்த நாற்காலி

என் அண்ணனுக்கு வேலை போனது, அவன் வேலை தெரியாதவன் என்பதால் அல்ல. எனக்குக் கல்யாணம் கூடிவந்ததால். எங்கள் வீட்டில் யாரும் இதை இப்படிச் சொன்னதில்லை. நான் சொல்வேன். எனக்கு வயதாகிவிட்டது, இனி யார் முறைத்தால் என்ன?

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணறும் தோட்டமும் இருந்தன. அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளையான அண்ணன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். “சாப்டியா?” என்று கேட்டால் அவனும் “சாப்டியா?” என்பான். பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவான். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவான், தனித்தனியாக வைத்தால் வயிறாரச் சாப்பிடுவான். இன்று இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்று சேலத்து டாக்டர் ‘புத்தி கம்மி’ என்றார். சொந்தக்காரர்கள் ‘பாவம்’ என்றார்கள். அம்மா அவனை ‘சாமி’ என்று கூப்பிட்டாள்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி அப்பாவின் தூரத்துப் பங்காளி ஒருவர் சேகோ மில் வைத்திருந்தார். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் மில். ஜவ்வரிசியை வெயிலில் பரப்பும் சிமெண்டுக் களம் எங்கள் வேலியிலிருந்தே தெரியும். அண்ணன் நாள் முழுக்க வேலியோரம் நின்று அதையே பார்ப்பான். அப்போது அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். களத்து மேஸ்திரிக்கு என்ன தோன்றியதோ, ஒரு நாள் அவனைக் கூட்டிப்போய், ஜவ்வரிசியைக் கிளறிவிடும் பலகையைக் கையில் கொடுத்தார்.

வாயால் எதையும் விளக்கவில்லை. தானே ஒரு முறை இழுத்துக் காட்டினார். கிழக்கு மூலையை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டார், அங்கே வேறு ஆளை விடுவதில்லை. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்த மாட்டார், கண்ணில் படும்படி போய் நின்று கையைக் காட்டுவார். அவர் செய்த ஏற்பாடு அவ்வளவுதான், அதுவே போதுமாக இருந்தது. பஸ் ஹாரனுக்கு அலறுபவன், தினமும் ஒரே நேரத்தில் ஊதும் மில் சங்குக்கு மட்டும் காதைப் பொத்தவில்லை. சங்கு ஊதியதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மத்தியானச் சோற்றை நான்தான் கொண்டுபோவேன். பலகையை இழுத்துக்கொண்டே மூக்குக்குள் ஏதோ பாடிக்கொண்டிருப்பான். அவன் பாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை. “சாமி பாட ஆரம்பிச்சாச்சு, இன்னிக்கு மழை வராது போ” என்று களத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அதையும் அவன் அப்படியே திருப்பிச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி கூச்சம். யாராவது கேட்டால், “சும்மா பொழுதுபோக்குக்குப் போறானுங்க” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் பக்கத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் களத்தில் நின்ற அண்ணனைப் பார்த்துவிட்டார். மறுநாளே அப்பாவிடம் வந்தார்.

“ஏனுங்க மச்சான், பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. ஆனா உங்க பையன் கூலியாளுங்களோட களத்துல நிக்கறானே, அது நல்லாவா இருக்குது? நாளைக்கு உன்ற மச்சினன் கூலிக்குப் போறானான்னு எங்க ஊட்டுப் பையனைத்தானுங்க கேப்பாங்க.”

அண்ணனின் குறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ள அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். அவன் வேலை செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பங்காளியிடம் போனார். அவர் நல்ல மனிதர், அதுதான் வினையாகப் போயிற்று. “இதுக்கா வெசனப்படறீங்கண்ணா? நம்ம பையனுக்கு ஆபீசுலயே நாற்காலி போட்டுத் தாரேன்” என்றார்.

“அண்ணனுக்கு அத்தன கூட்டம் ஆகாதுங்கப்பா” என்று நான் சொன்னேன். “உனக்காகத்தான் கண்ணு பண்றேன், நீ சும்மா இரு” என்றார் அப்பா.

ஆபீஸ் மில் வாசலை ஒட்டி இருந்தது. கிழங்கு ஏற்றி வருபவர்களை விசாரித்து, எங்கே இறக்குவது என்று அண்ணன் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்தார்கள். “எங்க எறக்கறதுங்க?” என்று வண்டிக்காரர்கள் கேட்டால் “எங்க எறக்கறதுங்க?” என்றான். முதலில் சிரித்தார்கள், பிறகு நக்கல் செய்கிறான் என்று சண்டைக்கு வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு லாரி வாசலில் நின்று விடாமல் ஹாரன் அடித்தது. அண்ணன் மேஜைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டான். இரண்டு பேர் இழுத்தார்கள். அவர்களில் ஒருவனின் கையை அண்ணன் கடித்துவிட்டான்.

பங்காளியே வீட்டில் கொண்டுவந்து விட்டார். “தப்பா நெனைக்காதீங்கண்ணா, இவனுக்கு வேலை ஆகாதுங்க” என்றார். நாற்காலிதான் ஆகவில்லை. வேலையே ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“களத்துக்கே அனுப்பி உடுங்க. அங்க நல்லாத்தான இருந்தான்?” என்று அம்மா அழுதாள்.

“மொதல்ல கல்யாணம் முடியட்டும்” என்றார் அப்பா. கல்யாணம் முடிந்தது. பிறகு எனக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றார். குழந்தையும் பிறந்தது. அதற்குள் அந்த மேஸ்திரி வேறு மில்லுக்குப் போய்விட்டார், அந்தப் பேச்சும் நின்றுபோனது.

இந்த நியாயமெல்லாம் அண்ணனுக்கு யார் சொன்னார்கள்? தினமும் சங்கு ஊதியதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் படலருகே போய் நிற்பான். அம்மா பின்னாலேயே போய், “இன்னிக்கு லீவு சாமி” என்பாள். “லீவு சாமி” என்று திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே வருவான். வருஷக்கணக்கில் இது நடந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் அந்த நேரத்தில் அடுப்படியில் போய் ஒதுங்கிக்கொள்வேன், கேட்கத் தாங்காது.

அம்மா செத்துப்போனாள். காரியம் முடிந்த மறுநாள் காலை சங்கு ஊதியது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு படலருகே நின்றான். அதைத் திறக்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. நான் எழுந்து போனேன். வேலிக்கு அப்பால் கிழக்கு மூலையில் யாரோ பலகை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு லீவுண்ணா” என்றேன்.

அவன் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னேன், அப்போதும் நின்றான். எனக்குப் புரிந்தது.

“இன்னிக்கு லீவு சாமி” என்றேன்.

“லீவு சாமி” என்று சொல்லிவிட்டு அண்ணன் துண்டை அவிழ்த்தான்.