எட்டு வருடம் ஏறாத உலை

கினூ சமைக்காத சோறு ஒன்றே ஒன்றுதான்.

குமானோ மலைப்பாதையில் இருக்கும் கொகுச்சியில் யாத்திரிகர் விடுதியை அவள் இருபத்தாறு வருடமாக நடத்துகிறாள். விடியுமுன் எழுந்து, அன்றைக்கு மலையேறுகிறவர்களுக்கெல்லாம் சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் உப்பில் ஊறிய பிளம் வைத்து, கடல்பாசித் தாள் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். ஆளுக்கு நான்கு உருண்டை.

"மூணைச் சாப்பிடுங்க. நாலாவதுல ஒரு வாயாவது நாச்சி அருவி கண்ணுல படுற வரைக்கும் மிச்சம் இருக்கணும்."

நாச்சிக்குப் போகிற வழியில் உள்ள கணவாயில் பட்டினி கிடந்து செத்தவர்கள் தாரு என்ற பசிப்பேயாக அலைகிறார்கள். அது பிடித்தால் கால் ஓர் அடி நகராது. ஒரு வாய் சோறு உள்ளே போனால்தான் விடும். டோக்கியோக்காரர்கள் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்கள். நாலு உருண்டையையும் முதல் ஏற்றத்திலேயே தின்று தீர்க்கிற மகராசர்களும் உண்டு. கினூவுக்கு மட்டும் இந்தப் பேச்சில் சிரிப்பு வராது.

அவள் சமைக்காதது தலைமாட்டுச் சோறு. அந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் உடனே அவர் தலைமாட்டில் வைப்பதற்கென்று மூன்று ஆழாக்கு அரிசியைத் தனியாக உலையில் போடுவார்கள். அது வேகிற நேரத்துக்குள் செத்தவர் ஆவியாக எழுந்து, சாவுச் சடங்குக்குரிய ஷிகிமி இலைக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு மியோஹோ மலைக்குப் போய், அங்கே கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்புவார். அப்புறம்தான் அவருக்குப் போகிற வழி திறக்கும். கினூவின் கணவன் சென்ஜிக்கு அந்த உலை ஏறவில்லை. எட்டு வருடமாயிற்று.

சென்ஜி விடுதிக்கு விறகு வெட்டுவான், பாதையில் பெயர்ந்த படிக்கற்களைச் சரிசெய்வான். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் நாச்சி அருவியின் உச்சியில் கட்டியிருக்கும் வைக்கோல் வடத்தை மாற்றுவார்கள். அதைப் பார்க்கக் கணவாயைத் தாண்டி நடந்தே போவான். அந்த அருவிதான் அவனுக்குச் சாமி. எட்டு வருடத்துக்கு முன் அப்படிப் புறப்பட்ட நாளில் அவனுடைய இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது.

"பஸ்ல போங்களேன். யார் வேண்டாம்னாங்க?" என்றாள் கினூ.

"பஸ்ல போய்ப் பார்க்கிறதுக்கு அதென்ன சினிமாவா?"

"அப்ப டாக்டர்கிட்டயாவது காட்டிட்டுப் போங்க."

"டாக்டரா படியேறப் போறாரு?"

கினூவுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டிய பொட்டலத்தைப் பிரித்து நான்கில் இரண்டை எடுத்து வைத்துவிட்டாள். பாதி வழியில் பசித்தால் மனுஷன் தானாகத் திரும்பி வருவான் என்பது அவள் கணக்கு. அந்த மலையைத் தெரிந்த எவரும் செய்யக்கூடாத காரியம் அது. அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

சென்ஜி வரவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். கணவாய்க்கு அப்பால், செத்தவர்கள் எதிர்ப்படுகிற இடம் என்று பெயரெடுத்த வளைவில், அவனுடைய சாப்பாட்டுத் துணி மட்டும் கிடைத்தது. நாலாய் மடித்து ஒரு கல்லின்மேல் வைத்திருந்தான். அதில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

உடம்பு கிடைக்காதபோது யாருக்கு உலை வைப்பது என்று கினூ கேட்டாள். வைத்தால் செத்தார் என்று ஆகிவிடும். வைக்காதவரை ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கலாம். சர்க்காரே ஏழு வருடத்தில் ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கினூ எடுக்கவில்லை. சென்ஜியின் தம்பி தொமேஜி மாதம் ஒரு தடவை வந்து இதையே பேசுவான்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு வழி பண்ண வேண்டாமா?"

"உங்க அண்ணன் செத்ததை நீங்க பார்த்தீங்களா தம்பி?"

"உயிரோட இருக்கிறதை நீங்க பார்த்தீங்களா?"

"அப்ப ரெண்டு பேரும் பேசாம டீயைக் குடிப்போம்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன நவம்பரில் குவபாரா என்ற அம்மாள், ஒசாகாக்காரி, நாச்சியிலிருந்து தனியாக நடந்து மாலையில் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். ஊர்க்கதை எதுவும் தெரியாதவள். காலை வெந்நீரில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கணவாய்க்கு முன்னாடி அந்த வளைவுல ஒரு ஆளைப் பார்த்தேங்க. இடது காலை மடக்காம, படிக்குப் படி நின்னு நின்னு ஏறி வந்தாரு. கையில ஷிகிமிக் கொத்து. பச்சையா இல்லை, காய்ஞ்சு சருகா இருந்துச்சு."

கினூ ஊற்றிக்கொண்டிருந்த வெந்நீரை நிறுத்தினாள்.

"பார்க்கவே பாவமா இருந்துச்சு. எங்கிட்ட மிச்சமிருந்த சோத்தை நீட்டினேன். 'வேணாம்மா, வீட்டுல உலை வைப்பாங்க, அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்'னாரு. கல்லுமேல உட்கார்ந்துட்டாரு. நான் திரும்பிப் பார்க்கிறப்போ... அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

கினூவுக்கு வந்தது பயம் மட்டுமல்ல, வெட்கமும்தான். அவன் வரட்டும் என்று அவள் இங்கே காத்திருக்கிறாள், உலை ஏறட்டும் என்று அவன் அங்கே காத்திருக்கிறான். எட்டு வருடமும் அவனைப் பசியோடு அந்தக் கல்லில் உட்கார வைத்தது அவள்தான். மறுநாள் தொமேஜிக்கு அவளே போன் செய்து சடங்குக்கு நாள் குறிக்கச் சொன்னாள்.

சடங்கு நாளன்று காலை ஆறு மணிக்கு மூன்று ஆழாக்கு அரிசியை மண்சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். தீயை இருக்கிறதோ இல்லையோ என்று குறைத்து வைத்தாள். பிக்கு பத்து மணிக்கு வந்தார். சோறு அடுப்பில்தான் இருந்தது. கினூ மூடியைத் திறந்து இன்னும் ஒரு குவளை தண்ணீர் விட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? சோறு வேக அரை மணி நேரம் போதாதா?"

"அரை மணியில அவர் மியோஹோவுக்குப் போயிட்டு வந்துடுவாரா? நல்ல காலுக்கே ஆறு மணி நேரம். அந்த முட்டியை வச்சுக்கிட்டு எட்டாவது ஆகும்."

"செத்தவங்களுக்கு முட்டி வலிக்குமா?"

"அந்த அம்மா பார்த்திருக்காங்க. இன்னும் வலிக்குது."

தொமேஜி பிக்குவைப் பார்த்தான். பிக்கு குமானோவிலேயே பிறந்து வளர்ந்தவர். "அம்மா சொல்றது சரிதான், நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது டீயைக் கேட்டார். கினூ அடுப்பை விட்டு நகரவில்லை. இப்போது அந்தக் கல்லை விட்டு எழுந்திருப்பார், இப்போது கடல் தெரிகிற மேட்டில் மூச்சு வாங்குவார், அங்கிருந்து மரங்களுக்கிடையே அருவியைத் தேடுவார் என்று மனசுக்குள் கூடவே நடந்தாள். கரண்டியால் அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்குத் தீயை அணைத்தாள். மணிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அத்தனை தூரத்திலிருந்து கேட்காது என்று அவளுக்கே தெரியும். சட்டியில் இருந்தது சோறல்ல, கஞ்சி. அதை சென்ஜியின் கிண்ணத்தில் ஊற்றிப் படத்தின் முன் வைத்தாள். செத்தவர் சோற்றில் அவர் சாப்பிடுகிற குச்சிகள் இரண்டும் செங்குத்தாக நிற்க வேண்டும். கஞ்சியில் எப்படி நிற்கும்? ஊன்றினாள், சாய்ந்தன. மறுபடி ஊன்றினாள்.

"பக்கத்து வீட்டுல கொஞ்சம் சோறு வாங்கிட்டு வரட்டா அண்ணி?"

"வேணாம். இது அவருக்கு ஆக்கினது."

கினூ மண்டியிட்டு இரண்டு குச்சிகளையும் தன் கையாலேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பிக்கு ஓதத் தொடங்கினார். ஓதி முடிய அரை மணி நேரம் ஆகும். கை கடுத்தது. தொமேஜி மாற்றிப் பிடிக்கக் கையை நீட்டினான், அவள் தரவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்க இன்னொரு கை இருப்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

ஓதல் முடிகிற சமயத்தில் படம் இருந்த பக்கத்திலிருந்து யாரோ குச்சிகளை மெல்ல இழுத்தார்கள். கை அசந்ததால் அப்படி இருந்திருக்கும் என்று தொமேஜி பிற்பாடு சொன்னான். கினூ படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள்.

"மெதுவா சாப்பிடுங்க," என்றாள். "சட்டியில இன்னும் நிறைய இருக்கு."