பூதக்கண்ணாடியை ஏமாற்றிய பூ

பெயிண்ட் கடையின் பின்கட்டில் நிறம் கலக்கும் மனிதருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். சுவரிலிருந்து பெயர்ந்த காரை, கிழிந்த திரைச்சீலை என்று எதைக் கொடுத்தாலும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, “இதுல ஒரு சொட்டுக் கறுப்பு இருக்கு” என்பார். இருக்கும். அவரிடம் போய் வெறுமனே வெள்ளை என்று கேட்டால் கெட்டது குடி. “எந்த வெள்ளை? பாலா, பல்லா, சுண்ணாம்பா?” என்று அதட்டுவார். தலைப்பிள்ளை பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்தவர், “மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றாராம். காமாலை என்று டாக்டர் கண்டுபிடித்தது அதற்கப்புறம்தான்.

கலந்து முடித்ததும் மாதிரியை டப்பாவின் கைப்பிடியில் வெள்ளை நூலால் கட்டிவிடுவது அவர் வழக்கம். ‘நான் கொடுத்தது இதில்லை’ என்று எவரும் பேச்சு மாறக்கூடாதல்லவா? அந்த நூலே அவர் கழுத்துக்குச் சுருக்காகும் என்று யார் கண்டது!

ஒரு நாள் காலை, மில்லில் இரவு வேலை முடித்த ஒருவர் கொட்டாவியோடு ஒரு பூவை நீட்டினார். செம்பருத்தி இனம்தான், ஆனால் அடுக்கடுக்காக, உப்பலாக, பளிச்சென்ற வெள்ளை.

“வாசல் செடிங்க. படுக்கையறைக்கு இந்தக் கலர்தான் வேணும்னு வீட்டுல சொல்லிட்டா. சாயங்காலம் அவளே வந்து வாங்கிக்குவா.”

பூதக்கண்ணாடி உயிரைக் கொடுத்துக் கலந்தார். பூவைக் கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம், பஸ் கண்டக்டரான மில்காரரின் மனைவி பையும் விசிலுமாக வந்து மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளை. கைப்பிடியில் ரத்தச் சிவப்பு.

“என்னண்ணே, பூவைப் பாத்துக் கலந்தீங்களா, பூ கட்டின நூலைப் பாத்துக் கலந்தீங்களா?”

“காலைல இது வெள்ளையாத்தாம்மா இருந்துச்சு!”

“விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போறேன், சாயங்காலம் வர்றேன். தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் உள்ள போறேன். ஒரு நாளும் அது வெள்ளையா பூத்ததில்ல.”

மறுநாள் புருஷன் இன்னொரு பூ கொண்டுவந்தார். அதுவும் வெள்ளை, சாயங்காலம் அதுவும் சிவப்பு. முதலாளி தீர்ப்பளித்தார்: “பூ பொய் சொல்லுமாய்யா? உனக்கு வயசாயிடுச்சு. நாளையிலிருந்து முன்னாடி நின்னு பிரஷ்ஷும் உப்புத்தாளும் வித்துக்க. கண் டாக்டரையும் போய்ப் பாரு.”

உப்புத்தாள்! ஒரு மேதையை உப்புத்தாள் விற்கச் சொல்கிற உலகம் உருப்படுமா?

“எவனோ பூவை மாத்துறான்” என்று வீட்டில் குதித்தார்.

“பெயிண்ட் கடைக்குப் பூத்திருடன் வர்றானாக்கும்?” என்றாள் மனைவி.

அவர் சந்தேகமெல்லாம் கடை வாசலில் விற்பனைக்கு நிற்கும் முன் மேஜைக்காரன் மேல். விடிந்ததும் மில்காரரின் வாசலில் போய் நின்று இரண்டு பூ கேட்டார். “செடியையே பிடுங்கிட்டுப் போயிடுங்களேன்” என்று பாதித் தூக்கத்தில் அவர் பறித்துக் கொடுத்தார். ஒரு பூவைப் பூதக்கண்ணாடி தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினார். அந்த வீட்டில் பூட்டுள்ள ஒரே இடம் அதுதான். சர்க்கரை நோயுள்ள மாமனார் இனிப்புத் திருடுவார். மற்ற பூவைக் கடையில் டப்பாவில் கட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீக்குக்கூட எழவில்லை.

“அண்ணே, பூ முட்டை போடுமா?” என்றான் முன் மேஜைக்காரன்.

மத்தியானம் இதழோரத்தில் வெட்கம் வந்தது. கண்ணைக் கசக்கினார். அப்புறம் ரோஸ். வெயில் இறங்கும்போது சிவப்பு. ஒரு கையும் படவில்லை. பட்டப்பகலில், அவர் கண்ணெதிரே! “அட துரோகி!” என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளியே எழுந்து வந்தார்.

வீட்டுக்கு ஓடினார். ஃபிரிட்ஜைத் திறந்தபோது பின்னால் மாமனார் நம்பிக்கையோடு நின்றார். உள்ளே பூ, வைத்தது வைத்தபடி வெள்ளை. பாத்திரத்தில் ஐஸை நிரப்பி, அதன்மேல் பூவை வைத்துக்கொண்டு திரும்ப ஓடினார்.

“சீக்கிரம் பாருங்க! இந்தக் கட்சிமாறி எந்த நேரமும் மாறிடும்!”

முதலாளி பூவையும் முதல் டப்பாவையும் ஜன்னலோரம் பிடித்தார். வந்திருந்த கண்டக்டரம்மா குனிந்து பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இது: பகல் ஏற ஏற இந்தப் பூ தன் இதழுக்குள் தானே சிவப்புச் சாயம் காய்ச்சுகிறது, குளிர் பட்டால் அடுப்பை அணைத்துவிடுகிறது. எதற்காக? வேறு சில செடிகளில் நிறம் மாறிய பூ, ‘இங்கே தேன் தீர்ந்தது, பக்கத்தில் பார்’ என்று வண்டுக்குச் சொல்வதாம். வண்டுக்குத் தகவல் உண்டு. பெயிண்ட் கடைக்கு ஒரு வார்த்தை உண்டா?

“சரிய்யா, போய் உன் மேஜையில உக்காரு” என்றார் முதலாளி.

“டாக்டர்?”

“வேணாம்.”

“உப்புத்தாள்?”

“அதான் வேணாங்கறேன்ல!”

பூதக்கண்ணாடி ஜம்பமாக மேஜைக்குத் திரும்பினார். கண்டக்டரம்மா பின்னாலேயே வந்து, “அண்ணே, எனக்கு அந்தச் சிவப்பே கலந்துடுங்க” என்றார்.

தொங்கிக்கொண்டிருந்த பூவை அவர் நூலோடு அறுத்து எறிந்தார். “கலந்துடறேன். மாதிரிக்கு ஒரு செங்கல்லு கொண்டு வாங்க. அதுக்காவது ஒரே பேச்சு.”