மாதா கெபியும் சில்லுனு பீரும்

டைப்ரைட்டர்ல ஒரு வரி முடியறப்போ 'டிங்'னு ஒரு மணி அடிக்குமே... ஞாபகம் இருக்கா? திண்டிவனத்துல ஒரு மாடி ரூம்ல, இருக்கிற அத்தனை மெஷின்லயும் அந்த 'டிங்' மாத்தி மாத்தி அடிச்சிட்டே இருக்கும். ரிப்பன் மை வாசனை, புழுக்கம், மேல ஒரே ஒரு ஃபேன்.

தொண்ணூறுகள்ல என் முதல் வேலை அங்கதான். டைப்பிங்ல ஹையர் பரீட்சை பாஸ் பண்ண கையோட ரோஸ்மேரி மேடம் என்னை இன்ஸ்ட்ரக்டரா வெச்சுக்கிட்டாங்க. இன்ஸ்டிட்யூட் அவங்களோடது. வீட்டுக்காரர் இல்ல, வேற வருமானமும் இல்ல. படிக்க வர்றதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. வல்லம், கிளியனூர்னு பஸ் புடிச்சு வர்றவங்க.

ஒரு கோடையில, எதிர் வரிசையில பூட்டிக் கிடந்த கடைக்கு கண்ணாடிக் கதவு வெச்ச பெரிய ஃப்ரிட்ஜ் ஒண்ணு வந்து இறங்குச்சு. ஐஸ்கிரீம் கடை வரப்போகுதுன்னு ஒரே குஷி எங்களுக்கு.

அப்புறம்தான் தெரிஞ்சுது... அது பீர் பாட்டில் வெக்க.

அப்பல்லாம் ஒயின் ஷாப்பை லைசென்ஸ் எடுத்து தனியார்தான் நடத்துவாங்க. காணைப் பக்கத்துல கரும்பு போடுற ஏழுமலைன்னு ஒருத்தர் அந்த இடத்துக்கு லைசென்ஸ் கேட்டிருந்தாரு. கேட்டதுதான், இன்னும் கிடைக்கல. அதுக்குள்ள ஃப்ரிட்ஜ்! பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெச்ச கதை.

கெட்ட மனுஷன் இல்ல. அவரே மாடி ஏறி வந்து மேடம்கிட்ட சொன்னாரு...

"டீச்சரம்மா, நீங்க பயப்படாதீங்க. சில்லுனு பீரு வாங்கிக்கினு ஜல்தியா போய்க்கினே இருப்பாங்க. ஒரு பேஜாரும் வராது."

பேஜாரு மறுநாளே வந்துச்சு. ஒரு பொண்ணோட அப்பா வந்து, "அந்தக் கடை வந்துச்சுன்னா எம்பொண்ண நிறுத்திடுவேங்க"ன்னாரு. சாயங்காலம் இன்னொருத்தர். பொண்ணுங்க நின்னா இன்ஸ்டிட்யூட்டே நின்னுடும். மேடம் அன்னிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்ல.

மேடம் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாங்க. ஸ்கூல், கோயில் இருந்தா அதுல இருந்து இவ்வளவு தூரத்துக்குள்ள கடை வைக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கிறதே எனக்கு அப்பதான் தெரியும். எனக்கோ ஆயிரம் சந்தேகம். எங்க இருந்து எது வரைக்கும் அளப்பாங்க? நேர்கோட்டுலயா, ஆள் நடந்துபோற வழியிலயா? கோயில்னா கோபுரம் இருக்கணுமா? கேட்டா மேடம், "நீ மெஷினைத் துடைடி"ம்பாங்க.

கலால் ஆபீசர் வந்தாரு, கூட டேப் புடிக்க ஒரு ஆளு. வந்ததுமே, "டைப்ரைட்டிங்லாம் ஸ்கூல் கணக்குல வராதும்மா"ன்னுட்டாரு. மேடம் முகம் விழுந்துபோச்சு.

"அப்போ மாதா கெபி, சார்?"ன்னாங்க.

மாடிப்படிக்குக் கீழ, ரோட்டைப் பாத்த மாதிரி, குகை போலக் கட்டி உள்ள மாதா சிலை வெச்ச ஒரு சின்ன கெபி. மேடத்தோட மாமனார் கட்டினது. எங்க ஸ்டூடண்ட்ஸ் எந்த சாமி கும்பிடுறவங்களா இருந்தாலும் எக்ஸாமுக்குப் போறப்போ அங்க மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் போவாங்க. வல்லத்துப் பையன் ஒருத்தன் கற்பூரமே ஏத்துவான். பாஸ் ஆனா புது மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டாந்து வெப்பாங்க. மாதாவுக்கு டைப்பிங் தெரியுமான்னு கிண்டல் பண்ணிட்டே நானும் ஏத்தினவதான்.

கூடவே வந்து நின்ன ஏழுமலை விடல. "அது கோயிலு இல்ல சார். வூட்டு செவுத்துல சொரூபம் வெச்சிக்கினு இருக்காங்க, அவ்ளோதான்."

"சரி, அளந்து பாப்போம்"னாரு ஆபீசர்.

டேப் ஆளு கடை வாசல்ல ஒரு முனையைப் புடிச்சிட்டு நின்னாரு. மறு முனைக்கு ஆள் இல்ல. "நா புடிக்கிறேன் சார்"னு ஏழுமலையே வாங்கிக்கிட்டு விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டி வந்தாரு. கெபிக்கு முன்னாடி வந்ததும்... கால் தானா நின்னுச்சு. செருப்பைக் கழட்டி ஓரமா விட்டாரு. அப்புறம்தான் கிட்டப் போனாரு.

வெயில்ல தார் ரோடு கொதிக்குது. மனுஷன் டேப்பைப் புடிச்சிக்கிட்டு ஒத்தக் காலை மாத்தி மாத்தித் தூக்குறாரு.

ஆபீசர் அவர் காலையே பாத்தாரு.

"இன்னாத்துக்குய்யா செருப்பக் கழட்டின?"

"மாதா இருக்குதே சார்..."

"கோயிலு இல்லன்னு நீதான சொன்ன?"

ஆபீசர் டேப்பைச் சுத்தச் சொல்லிட்டாரு. மாடி ஜன்னல்ல பொண்ணுங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! மேடம் மட்டும் சிரிக்கல, அழுதுட்டாங்க.

லைசென்ஸ் கிடைக்காம அந்த ஃப்ரிட்ஜ் வண்டி ஏறி வேற ஊருக்குப் போச்சு. சில வருஷம் கழிச்சு கவர்மெண்டே எல்லாக் கடையையும் எடுத்துக்கிச்சு. ஏழுமலைக்குக் கரும்பு மட்டும்தான் மிச்சம். ஒருநாள் ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க மாடிக்கே வந்தாரு, டைப்பிங்ல சேக்க.

மேடம் விடுவாங்களா? "எதிர்ல உங்க கடை இருந்திருந்தா சேத்திருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இந்தத் தெருப் பக்கமே அனுப்பியிருக்க மாட்டேன் டீச்சரம்மா"ன்னாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

அந்தப் பொண்ணுக்கு லோயர் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நல்ல ஸ்பீடு.

கம்ப்யூட்டர் வந்துச்சு, இன்ஸ்டிட்யூட் போச்சு, மேடமும் போய்ச் சேந்துட்டாங்க. அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு சென்னையில இருந்து போனப்போ அந்தத் தெருவுல இறங்கிப் பாத்தேன். மாடியில செல்போன் சர்வீஸ் கடை. 'டிங்' சத்தம் இல்லாத அந்த மாடியைப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. கெபிக்கு டைல்ஸ் போட்டு சீரியல் லைட் விட்டிருக்காங்க. தெரு தாண்டி, தள்ளி... கவர்மெண்ட் ஒயின் ஷாப். நல்ல கூட்டம்.

அங்க இருந்து ஒருத்தர் கருப்பு கவர்ல ஜில்லுன்னு ஒரு பாட்டிலோட வந்தாரு, கவர்ல இருந்து தண்ணி சொட்டச் சொட்ட. கெபிகிட்ட வந்ததும் கவரை முதுகுக்குப் பின்னாடி மறைச்சாரு. செருப்பைக் கழட்டிட்டு ஒரு கையால கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனாரு.

எனக்குப் பழைய சந்தேகம் திரும்ப வந்துடுச்சு. இந்தக் கடைக்கும் யாராவது அளந்திருப்பாங்க இல்ல? கெபிப் பக்கம் டேப்பைப் புடிச்சவன் செருப்போட நின்னிருப்பானா...

வெறுங்கால்லயா?