இறக்கையோடு இரணியல் போன சனிக்கிழமை

ஜப்பானிய அனிமே தொடர்களைப் பார்த்துவிட்டு அதில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு கூடுவதெல்லாம் சென்னைக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். 2016 ஜனவரியில் எங்கள் ஃபேஸ்புக் குழுவில் ஷிபு என்பவர், "ஆகஸ்டில் இரணியலில் ஒருநாள் சந்திப்பு, மண்டபம் பிடித்தாகிவிட்டது" என்று எழுதியபோது கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். கிண்டல் இல்லை. வருகிறவர்களுக்கான நடத்தை விதிகளைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று அடுத்த நாள் என்னையே கேட்டார். நாகர்கோவிலில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். எழுதியதோடு நூறு பிரதியும் அச்சடித்துக் கொடுத்தேன்.

முதல் விதி இதுதான்: "வேஷம் போட்டவரும் ஆள்தான். கேட்டுவிட்டுத் தொடு, கேட்டுவிட்டுப் படம் எடு." இந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

நான் வேஷம் போடவில்லை. போட்டது என் தோழி ஜென்சி. கடற்கரை ஊர்க்காரி, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹாஸ்டல் அறையில் இடம் இல்லாததால் கொட்டாரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வைத்து ஏழு மாதமாக இறக்கை செய்தாள். மூங்கில் சிம்பு, வெள்ளைத் துணி, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிய ஃபோம் இறகுகள். விரித்தால் ஐந்தடி அகலம். அன்று மாலை மூன்று மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு மேடையில் ஒருமுறை நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. லீவு கிடைத்துவிட்டது என்று சொன்னாள். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

காலை 7.40க்குக் கொட்டாரத்தில் பஸ் ஏறினோம். கோட்டாறு வரை சுமார் 14 கிலோமீட்டர், 40 நிமிடம். ஆகஸ்டில் இந்தப் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: குடையே நிற்காது, இறக்கை எங்கே நிற்கும்? இரண்டு பெட்ஷீட்டில் பொதிந்து கட்டியும், சுசீந்திரம் தாண்டும்வரை நான் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டே வந்தோம். கண்டக்டர் பொதியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னதாக்கும்? கட்டிலா, கதவா?"

"இறக்கை அண்ணே."

"பறக்கத் தெரிஞ்சவங்க பஸ்ஸுல ஏன் மக்கா ஏறினீங்க?" என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட்டையும் கிழித்தார். ஆளுக்கு ஒன்பது ரூபாய், இறக்கைக்குப் பதினெட்டு.

கோட்டாறில் இறங்கி நாகர்கோவில் ரயில்வே ஜங்ஷனுக்கு ஆட்டோ, 40 ரூபாய். அங்கிருந்து இரணியலுக்குப் பாசஞ்சர் ரயில், டிக்கெட் பத்து ரூபாய், அரைமணி நேரம்கூட ஆகாது. ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் கூட்டம் இல்லை. ஜென்சி பொதியை அவிழ்த்து, காற்றில் ஏதும் முறிந்திருக்கிறதா என்று பார்க்க இறக்கையை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். வெளியே தென்னந்தோப்பு ஓடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் போனில் எடுத்தேன். "இரணியலுக்குப் பறக்கும் ஜென்சி" என்று எழுதி, அவள் பெயரையும் இணைத்து, ஃபேஸ்புக்கில் போட்டேன். அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோ 50 ரூபாய். ஒரு கத்தோலிக்கக் கோவிலை ஒட்டி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம். எழுபது பேர் இருக்கலாம். பாதிப்பேர் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள். பிவிசி பைப்பில் வாள், பழைய ரெயின்கோட்டில் அங்கி. ஆயுதம் எல்லாம் அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோதான் இருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தும், ஒருவர் வீட்டில் விறகு வெட்டும் நிஜ வெட்டோத்தியை வெள்ளி பெயின்ட் அடித்து இடுப்பில் சொருகி வந்திருந்தார். ஷிபு அதை வாங்கிச் சமையல்கட்டில் வைத்தார். சமையல்காரர் அதை வைத்துத் தேங்காய் உடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும். நான் கை கழுவிவிட்டு வந்தபோது வெளி வாசலில் ஜென்சியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். பக்கத்துக் கோவிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து வந்தவர்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அக்கா இறக்கையைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டார். கோவிலில் தேவதூதர் சுரூபத்தைத் தொட்டு முத்துவார்களே, அதேபோல. பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொட்டு முத்தினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த விதித்தாளை நீட்டி, "கேக்காம தொடக்கூடாது! படிக்கத் தெரியும்லா? ஏழு மாசம் கஷ்டப்பட்டுச் செஞ்சதாக்கும்!" என்று கத்தினேன்.

அந்த அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நான் கேட்டேனே மக்களே... ஒண்ணு தொட்டுக்கிடட்டான்னு இந்தப் பிள்ளைட்ட கேட்டுட்டுதான் தொட்டேன்" என்றார்.

"எல்லாரும் கேட்டாவ. நானாக்கும் சரின்னு சொன்னேன். நீ ஒனக்க பாட்டுக்குப் போ" என்றாள் ஜென்சி. குழந்தையை வாங்கி இறக்கைக்குள் வைத்துக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான் அசடு வழிய நின்றேன். ஆனாலும், விதி விதிதானே என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வீம்பு இரண்டு மணிக்கு ஒழிந்தது. ஜென்சி போனைப் பார்த்தபடி உடை மாற்றும் அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். இறக்கையைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை என் கையில் கொடுத்தாள். நான் போட்ட படத்துக்குக் கீழே அவளுடைய வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் எழுதியிருந்தார்: "காய்ச்சல் எப்படி இருக்கிறது ஜென்சி?"

காய்ச்சல் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை வார்டில் ஆள் குறைவு, வேஷம் போட என்று கேட்டால் கிடைக்காது.

"ஏட்டி, அந்தப் படத்தப் போடட்டான்னு எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். சத்தம் போடவில்லை. "அந்த அக்காவுக்கு ஒனக்க விதி ஒண்ணும் தெரியாது. அவியகூட கேட்டாவ."

வெட்கம் என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் பார்த்த கண்ணை எடுக்க முடியாதே. ஜென்சி அங்கேயே உட்கார்ந்து சிஸ்டருக்குப் போன் போட்டாள். "சிஸ்டர், காய்ச்சல் இல்ல. பொய் சொன்னேன். வேஷம் போட வந்தேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்று நான்கு முறை சொல்லி வைத்தாள். நாளைக் காலை நேரில் வந்து பேசு என்றார்களாம். வேலை இருக்குமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"மேடைக்குப் போகல. எழுவது பேரும் போன்ல எடுப்பானுவ. லீவு போட்டுட்டு ஆடுனாள்னு இன்னும் பத்துப் படம் போகும்."

நான் ஷிபுவிடம் போய் மைக்கை வாங்கினேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. விதி எழுதியவள் நான்தான், முதலில் மீறியவளும் நான்தான், அதனால் ஒருவருக்கு வேலையே போகலாம் என்று சொன்னேன். அடுத்து வருகிறவரை யாரும் படம் எடுக்காமல் வெறும் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வெட்டோத்திக்காரர் எழுந்து தன் போனைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். அவர் பின்னாலேயே வரிசையாக வந்து எல்லோரும் வைத்தார்கள்.

3.25க்கு ஜென்சி மேடை ஏறினாள். நடுவில் நின்று இறக்கையை விரித்தாள், இரண்டு பக்கமும் திரும்பினாள், இறங்கினாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுபது பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். "கொள்ளாம்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதன்பிறகு கைதட்டல் நிற்கவில்லை. நான் அழுதேன்.

திரும்பும்போது ரயிலுக்கு நிற்காமல் தக்கலை போய் பஸ் பிடித்தோம். வழி முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. இறக்கையின் ஒரு முனையை மட்டும் என்னைப் பிடிக்க விட்டாள். வேலை போகவில்லை. இரண்டு நாள் லீவு வெட்டு, அடுத்த நான்கு ஞாயிறும் டூட்டி. அந்த நான்கு ஞாயிறும் மதியச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறுதான் வாயைத் திறந்தாள், அதுவும் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல.

இதுபோன்ற கூட்டங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: வேஷத்தை வீட்டிலேயே போடாதீர்கள், மண்டபத்தில் போய் மாற்றுங்கள். வழியில் கோவிலோ சர்ச்சோ வந்தால் உள்ளே போகுமுன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊசி நூல், ஃபெவிகால், சேஃப்டி பின் கட்டாயம். ஆகஸ்டில் இறக்கை வேண்டாம். படம் எடுக்கும்போது ஒருமுறை கேளுங்கள், அதை வெளியில் போடும்போது இன்னொருமுறை கேளுங்கள், பெயரைச் சேர்க்கும்போது மறுபடியும் கேளுங்கள். கூட வந்தது உயிர்த்தோழியாக இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள், அங்கேதான் நாம் கேட்க மறப்போம். விதித்தாளை நான் இப்படித் திருத்தி மறுபடி அச்சடித்து ஷிபுவிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பதிவைப் போடுமுன் ஜென்சிக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். வெட்டோத்திக்காரர் இடத்தில் சிரித்தாள், சிஸ்டருக்குப் போன் போட்ட இடத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எழுத்தைப் போட்டுக்கொள், பெயரும் இருக்கட்டும் என்றாள். ரயிலில் எடுத்த அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் நன்றாக வந்தது. அதையும் போடட்டுமா என்று கேட்டேன்.

"கேட்டதுக்குச் சந்தோசம் மக்கா," என்றாள். "வேண்டாம்."